மூன்று பேருக்கான லோஞ்ச்

பாண் விலை இறங்கிய வருஷத்துக்கு அடுத்த வருஷம் அது. சமாதானம் வந்துவிட்டது என்று றேடியோ சொன்னது. கொழும்பிலிருந்து பெரியவர்கள் ஹெலிகொப்டரில் யாழ்ப்பாணத்துக்குப் போய்க் கைகுலுக்கிவிட்டு வந்தார்கள். தை மாதம் நீ புதுச் சப்பாத்து போட்டுக்கொண்டு ஆறாம் வகுப்புக்குப் போனாய். கடலில் போட்ட மீன்பிடித் தடையைக் கொஞ்சம் தளர்த்தியதில் உப்புவெளிப் பக்கம் சூடை மீன் கொட்டிக் கிடந்தது. வாங்க ஆளில்லாமல் தெருத்தெருவாகக் கூவினார்கள், உன் அம்மா கூரையில் சாக்கு விரித்துக் கருவாடு போட்டாள். அந்த வருஷத்துக்கு என்ன இலக்கம் என்று இதை எழுதுகிறவர் கேட்கிறார். எனக்கு இலக்கம் தெரியாது. அந்தச் சித்திரையில்தான் எங்கள் துறைமுகத்துக்குள்ளேயே நேவியின் இரண்டு கப்பல்கள் வெடித்துத் தாழ்ந்தன என்று சொன்னால் திருகோணமலையில் எல்லோருக்கும் விளங்கும். தைக்கும் சித்திரைக்கும் நடுவில் இருந்த அந்தக் கொஞ்சக் காலத்தில் நான் ஒரு முடிவு எடுத்தேன், மகள். போன கிழமை நீ ரெலிபோனில் கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் அந்த முடிவுதான்.

"பழைய கொம்பனி திரும்பக் கூப்பிடுது அப்பா, போகட்டோ?" என்று கேட்டாய். நான் சத்தம் தெளிவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சத்தம் தெளிவாகத்தான் இருந்தது. இரண்டு நாள் யோசித்துவிட்டு அடுத்த வீட்டு மாஸ்டரிடம் வந்து உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு எழுத்து ஏறவில்லை என்பது உனக்குத் தெரியும். நான் சொல்வதை மாஸ்டர் புத்தகத் தமிழில் ஒழுங்குபடுத்தி எழுதுகிறார். ஆட்கள் கதைத்ததை மட்டும் கதைத்தபடியே எழுதும்படி கேட்டிருக்கிறேன், ஏனென்றால் அந்தக் குரல்கள் எனக்கு அப்படியேதான் கேட்கின்றன.

உன் விஷயத்தை நான் விளங்கிக்கொண்ட மாதிரியே முதலில் சொல்கிறேன், பிழையென்றால் திருத்து. பெரிய உடுப்புக் கொம்பனியில் நல்ல வேலையில் இருந்தாய். கொழும்பில் எங்கள் பிள்ளைகளை லொட்ஜ் லொட்ஜாகச் சோதித்துப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிய அந்த நாட்களில், கொஞ்சக் காலத்துக்கு வேலைக்கு வரவேண்டாம் என்று கொம்பனிக்காரர் உனக்குச் சொன்னார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். அப்போது வெள்ளவத்தையில் இரண்டு தையல் மெசினோடு கல்யாணச் சட்டை தைக்கிற றீற்றா அன்ரி உன்னை எடுத்தா. பொலிசுக்கு உன்னோடு வந்து வாங்கிலில் குந்தியிருந்து, இந்தப் பிள்ளை என் வீட்டில் இருக்குது, என் கடையில் வேலை செய்யுது என்று கையெழுத்துப் போட்டா. இப்போது அவவுக்குக் கண்பார்வை மங்கி, துணி வெட்டுகிறது முழுக்க உன் கையில் இருக்கிறது. நீ போனால் கடைக்கு வெட்டுகிற ஆள் இல்லை. கொம்பனியோ இந்த மாதமே வா என்கிறது. இவ்வளவுதானே? இதே கணக்கில் ஒரு காலம் நானும் நின்றவன்.

நீ பிறக்க முதலே நான் துறைமுகத்தில் ஒரு பெரிய கொம்பனியில் பாரம் தூக்குகிற வின்ச் ஓட்டினேன். தேயிலைப் பெட்டி ஏற்றுகிற கப்பல்கள் வந்து நின்றால் எனக்குக் கை ஓயாது. பிறகு சண்டை வந்தது, கப்பல் வரத்துக் குறைந்தது, கொம்பனி எங்களை நிறுத்தியது. நான் வேலையில்லாமல் ஜெட்டிப் பக்கம் திரிந்த ஒரு நாள், கிண்ணியாவைச் சேர்ந்த சாகுல் நானா தன்னுடைய மோட்டர்ப் படகுக்குள், அந்த லோஞ்சுக்குள் நின்றபடி என்னைக் கூப்பிட்டார். எஞ்சின் தெரியுமா என்று கேட்டார். வின்ச்தான் தெரியும் என்றேன். "அதுவும் இரும்பு, இதுவும் இரும்பு. ஏறுங்க" என்றார். அவ்வளவுதான் நேர்முகப் பரீட்சை. குடாவின் அக்கரைக் கிராமங்களில் தேங்காய், முட்டை, மரக்கறி, தேசிக்காய் எல்லாம் வாங்கி, துறைமுகத்தில் நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்களுக்குக் கொண்டுபோய் விற்பது அந்த லோஞ்சின் தொழில். நானா சுக்கான் பிடிப்பார், நான் எஞ்சின், கயிறு எறிய பியதாச என்று ஒரு சிங்களப் பொடியன். பொடியன் என்கிறேன், அவனுக்கு அப்போதே இரண்டு பிள்ளைகள்.

லோஞ்சுக்கு மூன்று வாய் வேண்டும் என்று நானா சொல்வார். அது பகிடி இல்லை. நேவிக்காரர் கைகாட்டி மறித்தால் பியதாச முன்னுக்குப் போய் நிற்பான். அக்கரையில் எங்கள் ஆட்கள் இருக்கிற கரையை அடுத்தால் அவன் உள்ளே குந்த, நான் முன்னுக்குப் போவேன். முஸ்லிம் ஆட்களின் கரையான கிண்ணியாவுக்குத் திரும்பினால் நானா சுக்கானை என்னிடம் தந்துவிட்டு வெளியே நிற்பார். கரைக்குக் கரை முகம் மாற்றி மாற்றித்தான் அந்த வயிற்றுப்பாட்டை நடத்தினோம். ஒருநாள் நடுக்கடலில் எஞ்சின் நின்றுபோய், மூன்று பேரும் அவரவர் கடவுளைக் கூப்பிட்டு ஒரு மாதிரி ஓட வைத்தோம். பியதாச தன்னுடைய உடைந்த தமிழில், "ஆரு கேட்டது எண்டு தெரியாது மச்சான். மூண்டு பேருக்கும் நாளைக்குத் தேங்கா உடைக்க வேணும், நானா கணக்கில" என்றான். நானா தேங்காய் ஒன்றை எடுத்து அவனுக்கு எறிந்தார். அவன் அதை உடைத்துத் தின்றுவிட்டான்.

இந்தியப் பட்டாளம் எங்கள் துறைமுகத்தில் கப்பலேறிப் போனதே, அந்த வருஷத்து நடுப்பகுதியில் திரும்பச் சண்டை மூண்டது. இந்த முறை எங்கள் ஆட்களுக்கும் முஸ்லிம் ஆட்களுக்கும் இடையிலும் பெரிய மனக்கசப்பு. எந்தப் பக்கம் யார் செத்தது என்று நான் இதில் எழுத விரும்பவில்லை. இரண்டு பக்கமும் செத்தது. கிண்ணியாவில், குறிஞ்சாக்கேணியில் நானாவின் வீட்டுக்கே ஆட்கள் போய், அந்தத் தமிழனை இறக்கு என்று சொன்னார்களாம். நானா, அவரை இறக்கிவிடுகிறேன், நாளைக்கு எஞ்சினுக்கு உங்களில் யார் வருகிறீர்கள் என்று கேட்டாராம். ஒருவரும் வரவில்லை. எங்கள் லிங்கநகரில் எனக்கும் சொன்னார்கள், அவர்களோடு ஏன் போகிறாய் என்று. நான் பயந்து சில காலம் வீட்டோடு கிடந்தேன். அந்த நாட்களில் பியதாச சைக்கிளில் அரிசியும் தேங்காயும் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவான். நானா அனுப்பினார் என்பான், ஆனால் கட்டியிருந்த முறையைப் பார்த்தால் அது நானாவின் மனைவியின் கை. நாங்கள் அக்கா முறை வைத்து ராத்தா என்று கூப்பிடுகிற அவ என் முன்னால் வந்ததில்லை. லோஞ்சுக்குச் சோறு கட்டித் தருகிற நாளெல்லாம் என்னுடைய சட்டியில் மாட்டிறைச்சி படாமல் பார்த்தவ. வெள்ளிக்கிழமை எனக்கு மரக்கறி என்று யாரும் சொல்லாமலே கண்டுபிடித்து, அன்றைக்குப் பூசணிக்காயும் கீரையும் வைப்பா. நீ அந்தச் சோற்றில் வளர்ந்தவள், மகள். எத்தனையோ நாள் நான் தின்னாமல் உனக்குக் கொண்டுவந்து தந்திருக்கிறேன்.

இப்படி இருக்கத்தான் அந்தச் சமாதானம் வந்தது. கப்பல்கள் வரும் என்ற நம்பிக்கையில் கொம்பனி கதவைத் திறந்தது. எங்களை மேற்பார்த்த பழைய ஓவசியர் சைக்கிளில் வீடு தேடி வந்து, கதிரையில் இருந்து, உன் அம்மா கொடுத்த தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு, வின்ச்சுக்கு வா என்றார். மாதச் சம்பளம், சேமலாப நிதி, வருத்தம் வந்தால் மருந்து. அவர் போன பிறகு நான் உன் அம்மாவிடம், நானாவை எப்படி விட்டுப் போகிறது என்று இழுத்தேன். உன் அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள், சுளகைக் கீழே வைக்கவில்லை.

"நானா நல்லவர். ஆர் இல்லையெண்டது? அந்த நல்லவருக்கு நாளைக்கு ஒண்டு நடந்தா எங்களுக்கு ஆர்? பிள்ளை படிக்குது. லோஞ்ச் வயசுக்கு வந்த பிள்ளைக்குச் சீதனம் தருமோ?"

அவள் சொன்னதில் பிழை இல்லை. இன்றைக்கும் இல்லை என்றுதான் சொல்வேன். நீ கம்பசுக்குப் போனது கொம்பனிச் சம்பளத்தில். அதை மறைத்துவிட்டு, சின்ன முதலாளியை விட்டுப் போகவே கூடாது என்று நான் உனக்கு உபதேசம் பண்ணினால் அது பொய். நான் போனதைப் பற்றி இங்கே கவலைப்படவில்லை. போன விதம் வேறு.

நானாவிடம் நேரே போய்ச் சொன்னேன். அதையாவது செய்தேன். அவர் ஜெட்டியில் குந்தியிருந்து முட்டைகளை வைக்கோலில் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும் வரைக்கும் நிமிரவில்லை. பிறகு, "போங்க. புள்ளைக்குப் படிப்பு இரிக்கு, நான் மறிச்சா அது பாவம்" என்றார். இன்னொரு முட்டையை அடுக்கிவிட்டு ஒன்று கேட்டார். அவர் என்னிடம் கேட்டது அத்தனை வருஷத்தில் அது ஒன்றுதான்.

"பாஸ மட்டும் இப்ப குடுத்துராதீங்க. மூதூர்ப் பக்கத்து தமிழ்ப் பொடியன் ஒருத்தனுக்குப் பாஸ் கேட்டு எழுதிக் குடுத்திரிக்கிறன். அவன்ட கைக்கு வந்த பொறகு ஒங்கட குடுங்க. நடுவுல ஒரு பேர் கொறைஞ்சா லோஞ்சக் கட்டிருவானுகள்."

பாஸ் என்பது உனக்கு நினைவிருக்கும், கழுத்தில் தொங்குகிற அந்த அட்டை. நேவி எங்கள் லோஞ்சுக்கு அனுமதி தந்தது மூன்று ஆளின் பேரில். மூன்று பாஸும் இருந்தால்தான் லோஞ்சை அவிழ்க்கலாம். ஒருவன் பாஸைத் திருப்பிக் கொடுத்தால், இன்னொருவன் அவன் இடத்துக்கு வரும் வரைக்கும் லோஞ்ச் ஜெட்டியில் கிடக்க வேண்டியதுதான். ஓம் நானா, வைத்திருக்கிறேன், ஒன்றுக்கும் யோசிக்காதீர்கள் என்று சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன்.

ஆனால் ஒரு ஆளுக்கு ஒரு பாஸ்தான் என்பது துறைமுகக் கேட்டில் சட்டம். கொம்பனிக்கு முதல் நாள் போன காலையில், கேட்டுப் பக்கத்துக் கந்தோரில் இருந்த கிளாக்கர் புதுப் பாஸை எழுதிவிட்டு, பழையது எங்கே என்று கையை நீட்டினான். நான் சேர்ட்டுப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். அவன் கேட்டான், நான் கொடுத்தேன். நடுவில் ஒரு கதை இல்லை. எனக்குக் கொஞ்ச நாள் தவணை வேண்டும், அந்த லோஞ்சுக்கு ஆள் வந்தபிறகு வருகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. பின்னால் ஓவசியர் நின்றார், அவரிடமும் கேட்கலாம். கேட்டால், இவன் கரைச்சல் பிடித்தவன், வேறு ஆளைப் பார்ப்போம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன். நானா எப்படியும் சமாளிப்பார் என்று என் மனதுக்கு நானே ஒரு சமாதானம் சொன்னேன். நாட்டில் எல்லோரும் சமாதானம் சொன்ன காலம் அது.

அன்றைக்கு அந்தியில் பியதாச வீட்டுக்கு வந்தான். நீ முற்றத்தில் கயிறடித்துக்கொண்டிருந்தாய், உனக்கு ஒரு இனிப்புத் தந்தான். லோஞ்சைக் கட்டச் சொல்லிவிட்டார்கள் என்றான். கோபமாகச் சொல்லவில்லை. நீங்கள் இரண்டு பேரும் இருக்கிறீர்கள்தானே, கேட்டுப் பார்க்கலாமே என்று நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவன் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டு, "மூண்டில ஒண்டு போனா மிச்சம் ரெண்டு இல்ல மச்சான். ஒண்டும் இல்ல" என்றான். பிறகு உன் அம்மாவின் கருவாட்டில் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.

மூதூர்ப் பொடியனுக்கு இன்றைக்குப் பாஸ் வரும், நாளைக்கு வரும் என்று அவர்கள் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். நானும் விசாரித்தபடிதான் இருந்தேன். ஒவ்வொரு முறையும், இந்தா வருகிறது என்ற பதில்தான். அப்போதுதான் அந்த இரண்டு கப்பல்களும் வெடித்தன. எங்கள் வீட்டு அலுமாரிக் கண்ணாடி விழுந்து உடைந்தது. நீ பயந்து என் காலைக் கட்டிப்பிடித்தாய். அதோடு துறைமுகத்துக்குப் புதுப் பாஸ் என்ற கதையே இல்லை. கையில் பாஸ் இருந்தவர்களை மட்டும் விட்டார்கள், கொம்பனி ஆட்களையும் விட்டார்கள். என்னையும் விட்டார்கள். விண்ணப்பம் போட்டவர்களுக்கு ஒன்றுமில்லை, அதுவும் அக்கரைத் தமிழ்ப் பொடியனுக்கு யார் கொடுக்கப்போகிறார்கள்? என்னுடைய பழைய பாஸ் அந்தப் பொடியன் கைக்குப் பாஸ் வரும் வரை என் சேர்ட்டுப் பைக்குள் கிடந்திருந்தால், குறைந்தது லோஞ்சாவது ஓடியிருக்கும். நான் கொம்பனிக்குப் போவது பிந்தியிருக்கும், ஒருவேளை போகாமலே விட்டிருப்பேன். எப்படி என்று எனக்கே தெரியாது. தெரியாத ஒன்றை இவ்வளவு காலம் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நானா எஞ்சினைக் கழற்றி விற்றார். லோஞ்ச் கிண்ணியாக் கரையில் கவிழ்ந்து கிடந்து, ஆட்கள் பலகை பலகையாகக் கழற்றிப் போனார்கள். அவர் விறகு விற்றார், பிறகு கரையோரம் மீன் விற்றார். பியதாசவுக்குப் போக வேறு இடம் இல்லை, ஊர்காவல் படையில் சேர்ந்தான். ஒருநாள் பஸ் நிலையத்தில் காக்கி உடுப்போடு என்னைக் கண்டு சிரித்தான். "பாரு மச்சான், வாயைத் தவிர ஒண்டும் பாவிக்காத ஆளுக்குத் துவக்குக் குடுத்திருக்கு" என்றான். அவனுடைய ஊர் எல்லையில் காவலுக்கு நின்றபோது சுட்டார்கள். செத்த வீட்டுக்கு நான் போகவில்லை. போக ஏலாது, அந்த நேரம் அந்த ஊருக்கு ஒரு தமிழன் எப்படிப் போகிறது என்று எல்லோரும் சொன்னார்கள், உண்மைதான். ஆனால் எங்கள் தெரு அவனோடு கதைக்கக்கூட அஞ்சிய காலத்தில் அவன் எங்கள் வீட்டுக்குச் சைக்கிளில் அரிசி கொண்டு வந்தவன். அவன் சாவுக்கு நான்தான் காரணம் என்று சொன்னால் என்னைப் பெரிய ஆளாக்கிக்கொள்கிறேன் என்று மாஸ்டர் சொல்கிறார். இருக்கலாம். சண்டை செய்ததைச் சண்டை செய்தது. ஆனால் லோஞ்ச் ஓடியிருந்தால் அவன் அன்றைக்குக் கயிற்றோடு நின்றிருப்பான், துவக்கோடு நின்றிருக்க மாட்டான். அதை மாஸ்டரும் மறுக்கவில்லை.

நானாவைப் பிறகு ஒரு தரம் கிண்ணியாத் துறையில் கண்டேன். மெலிந்திருந்தார். நான் என்னத்தையோ சொல்ல வாயெடுத்தேன், அவர் முந்திக்கொண்டு, பிள்ளை எப்படிப் படிக்கிறாள் என்று கேட்டார். கம்பசுக்கு எடுபட்டிருக்கிறாள் என்றேன். அல்ஹம்துலில்லா என்று சொல்லி, கூடையில் இருந்த பெரிய பாரை மீன் ஒன்றை எடுத்து என் பையில் போட்டார். காசு வாங்கவில்லை. கடல் பொங்கி ஊரை அள்ளின காலையில் அவர் கரையில் மீன் கூடையோடு நின்றாராம். நான் சொல்ல நினைத்தது என் வாய்க்குள்ளேயே இருக்கிறது.

இதையெல்லாம் விட ஒன்று இருக்கிறது, மகள், அதுதான் என்னை அதிகம் அரிப்பது. நான் கொம்பனியிலிருந்து ஓய்வெடுத்த அன்று ஒரு சின்னத் தேத்தண்ணீர் விருந்து வைத்தார்கள். அந்த ஓவசியர், அவரும் கிழவராகி, பார்க்க வந்திருந்தார். கதையோடு கதையாக இந்தப் பாஸ் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்பட்டார்.

"நீர் ஏன் அப்ப சொல்லேல்ல? எங்களிட்ட வின்ச்சுக்கு வேற ஆளே இல்ல. பாதிப் பேர் வெளிநாடு, மிச்சம் அகதி முகாம். ஆறு மாசம் எண்டாலும் பாத்துக்கொண்டு இருந்திருப்பம்."

கேட்டிருந்தால் தந்திருப்பார்கள். எனக்கு அது அன்றைக்குத்தான் தெரியவந்தது. பெரிய இடத்தில் தவணை கேட்க எனக்குப் பயம். அதனால் அந்தத் தவணையைச் சின்ன இடத்திலிருந்து கேளாமலே எடுத்துக்கொண்டேன். பெரிய கொம்பனிக்கு ஒரு வின்ச் கொஞ்ச நாள் சும்மா கிடந்தால் ஒன்றும் வந்துவிடாது. மூன்று பேர் லோஞ்சில் ஒருவன் குறைந்தால் அதோடு முடிந்தது. எனக்கு அந்த வித்தியாசம் தெரியும். கந்தோர் மேசைக்கு முன்னால் நின்றபோது பயத்தில் அது மனதுக்கு வரவில்லை.

ஆகவே போகட்டோ என்று கேட்டால், போ என்றும் சொல்ல மாட்டேன், நில் என்றும் சொல்ல மாட்டேன். உன்னைச் சும்மா வீட்டில் இருக்கச் சொன்ன கொம்பனி அது என்பதை மறக்காதே, ஆனால் அதையே பிடித்துக்கொண்டு உன் வயிற்றில் அடித்துக்கொள்ளவும் வேண்டாம். போகிறதென்றால், அந்தக் கொம்பனிக்காரரின் முகத்துக்கு நேரே, எனக்கு இத்தனை மாதம் தவணை வேண்டும், எங்கள் கடைக்கு வெட்டுகிற ஆள் ஒன்றைப் பழக்கிவிட்டு வருகிறேன் என்று கேள். இல்லையென்றால் இல்லை என்பார்கள், அவ்வளவுதான். கேட்டதால் ஒருவரும் செத்ததில்லை. றீற்றா அன்ரியிடம் சொன்னால் அவ உடனே போ பிள்ளை என்றுதான் சொல்வா, நல்லவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அதைக் கேட்டு நிம்மதியாகிவிடாதே. போ என்று சொன்ன பிறகு அவ வேறு என்ன கேட்கிறா என்று பொறுத்திருந்து கேள். ஏதாவது ஒன்று கேட்பா. அந்த ஒன்றுக்கு ஓம் என்று சொன்னால் அதைச் செய். செய்ய ஏலாதென்றால் ஏலாது என்று அப்போதே சொல்லிவிடு, மகள். என்னுடைய ஓமை நம்பித்தான் நானா அந்த முட்டைகளைத் தொடர்ந்து அடுக்கினார்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு நான் கிண்ணியாவுக்குப் போகப் போகிறேன். மாஸ்டர், இந்த வயதில் ஏன், சோதனைச் சாவடியும் பஸ்ஸும் என்கிறார். அந்த ஓவசியர் போய்விட்டார். உன் அம்மா போய்விட்டாள். பியதாச, நானா இருவரும் எப்போதோ போய்விட்டார்கள். அந்தப் பாஸ் விஷயத்தில் நான் யாரிடம் மன்னிப்புக் கேட்கலாமோ, அவர்களில் இனி மிச்சம் ஒரு ஆள்தான். அவ குறிஞ்சாக்கேணியில் தம்பி வீட்டில் இருக்கிறாவாம், காது கொஞ்சம் மந்தமாம். இத்தனை வருஷம் அவவின் சோற்றைத் தின்றும், யாரிடம் போகிறேன் என்று மாஸ்டர் கேட்டபோது எனக்குப் பேர் சொல்லத் தெரியவில்லை. எங்களுக்கு அவ ராத்தா, அவ்வளவுதான். நேற்று கிண்ணியாவிலிருந்து வருகிற மீன்காரரை மறித்துக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவவின் பேர் சுபைதா.